வாரச் சம்பளத்தில் வயிறாரச் சாப்பாடு: அக்கா சொல்ற டிப்ஸ்

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். வாடகைக்கு எடுத்து வைக்கிறது, வாரத் தவணை, பழைய மளிகைப் பாக்கி, ஞாயித்துக்கிழமைக் கறி என்று அடுத்தடுத்துப் போயிடும். புதன்கிழமை பர்ஸைத் திறந்தால் சில்லறை மட்டும்தான். வியாழனும் வெள்ளியும் ரசம் சோறு, தொட்டுக்க ஊறுகாய். லைன் வீட்டில் பக்கத்து அடுப்புகளைப் பார்த்தாலே தெரியும், எல்லார் வீட்டிலும் இதே நிலைமைதான். நீயும் வீட்டுக்காரரோடயும் ரெண்டு பிள்ளைகளோடயும் தேனியில் இருந்து கிளம்பி வந்து கம்பெனிக்குப் போக ஆரம்பிச்சிருக்கே. இருக்கிற காசில் நாலு பேருக்கும் ஒழுங்கா ஆக்கிப் போடறது எப்படிக்கான்னு போனில் கேட்டே. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், கேட்டுக்கோ.

காசு குறைஞ்சதும் நம்ம கை முதலில் எதை நிறுத்துதுன்னு கவனிச்சுப் பாரு. பருப்பு. அடுத்து முட்டை. அப்புறம் காய். கடைசியில் நம்ம தட்டு. சோறு மட்டும் குறையாது. சோறு இருந்தால் போதும், பசி அடங்கிடும்னு ஒரு நினைப்பு. பசி அடங்கும், உடம்புக்கு ஒண்ணும் ஒட்டாது. வெட்ட வேண்டியது வேற இடத்தில் இருக்கு. பிள்ளைகளோட பாக்கெட் தின்பண்டம், கம்பெனி வாசல் டீயும் போண்டாவும், ஹெல்த் டிரிங்க் டப்பா, கடை இட்லி மாவு, பத்து ரூபாய் மசாலா பாக்கெட். இதில் மிச்சம் பிடிச்சதைப் பருப்பிலும் முட்டையிலும் கீரையிலும் போடு. நான் சொல்லப்போறது முழுக்க இந்தக் கணக்குதான்.

ரேஷனில் இருந்து ஆரம்பி

கார்டு ஊரில் இருக்குன்னு சும்மா இருந்துடாதே. 2020 அக்டோபரில் இருந்து தமிழ்நாட்டுக் கார்டை வச்சு மாநிலத்தில் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம். கார்டில் பேர் இருக்கிற ஒருத்தர் நேரில் போய்க் கைரேகை வைக்கணும், அவ்வளவுதான். ‘எங்க கடைக் கார்டுக்கே சரக்கு பத்தலை’ன்னு சொன்னால் சண்டை போடாதே, என்னைக்கு வரட்டும்னு கேட்டு அன்னைக்குப் போ. ஒரேயடியா இல்லைன்னு திருப்பி அனுப்பினால் 1967க்குப் போன் பண்ணிப் புகார் சொல்லு. இந்த ஊரிலேயே இருக்கப்போறதுன்னா இ-சேவை மையத்தில் முகவரியை மாத்திடறது நல்லது. சின்னவன் பேர் கார்டில் ஏறியிருக்கான்னும் பாரு. அரிசி பெரும்பாலும் ஆள் கணக்குப்படி வரும்.

அரிசி கார்டுக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியில் அதே பருப்பும் அதே எண்ணெயும் தனித்தனியா நூறு ரூபாயைத் தாண்டும். அதனால எந்த மாசமும் பருப்பையும் பாமாயிலையும் விட்டுடாதே. கடைக்கு லோடு வந்த அன்னைக்கே போனால்தான் ரெண்டும் கிடைக்கும். தெருவில் யாராவது ஒருத்தி தகவல் சொல்ற மாதிரி ஏற்பாடு பண்ணிக்கோ. வாங்கினதும் போனுக்கு எஸ்.எம்.எஸ். வரும். வாங்காத பொருளை வாங்கினதாக் காட்டியிருந்தால் அதுக்கும் அதே 1967தான்.

இன்னொண்ணு. ரேஷன் அரிசியை முறத்தில் பரப்பினால் நடுவில் கொஞ்சம் மங்கலா, ஒரே அளவில், வழவழன்னு சில மணிகள் தெரியலாம். தண்ணியில் போட்டால் சிலது மிதக்கும். பிளாஸ்டிக் அரிசின்னு சொல்லிப் பொறுக்கி எறியறாங்க. அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூணையும் சேர்த்து, மெஷினில் அரிசி வடிவத்தில் பிழிஞ்சு காயவச்ச மணி. 100 கிலோ அரிசிக்கு ஒரு கிலோங்கிற கணக்கில் கலந்தது. ரத்தம் இல்லை, ரத்தம் இல்லைன்னு டாக்டர் சொல்ற நம்ம மாதிரிப் பொம்பளைகளுக்காகவே சேர்த்தது. அதைப் பொறுக்கிக் குப்பையில் போடறதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. அரிசியைக் கசக்காமல் ரெண்டு தண்ணி அலசினால் போதும். மிதக்கிற மணியைக் கழுநீரோட ஊத்திடாதே. வடிச்ச கஞ்சியையும் கொட்டாதே. உப்பும் மோரும் கலந்து குடிச்சுட்டு வேலைக்குப் போனால் பத்து மணி டீக்கு வயிறு கெஞ்சாது.

வாடை அடிக்கிற அரிசியைப் புடைச்சு, நிழலில் காத்தாடப் பரப்பி எடுத்தால் பாதி வாடை போயிடும். அப்பவும் சோறாச் சாப்பிடப் பிடிக்கலைன்னா இட்லிக்குப் போடு. ரேஷன் புழுங்கல் அரிசி நாலு டம்ளர், முழு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன், ஒரு கைப்பிடி அவல். உளுந்தைத் தனியா, குளிர்ந்த தண்ணி தெளிச்சுத் தெளிச்சு ஆட்டினால் மாவு பொங்கி வரும். முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளிச்சதும் வெங்காயம் போட்டுப் பணியாரம். கிரைண்டர் இல்லைன்னா லைனில் யார் வீட்டில் இருக்கோ அவங்களோட சேர்த்து ஆட்டிக்கோங்க.

பருப்புக் கணக்கு

இது முக்கியம், நின்னு கவனி. ரேஷன் பருப்பு ஒரு கிலோ, மாசத்துக்கு 30 நாள். நாளைக்கு 33 கிராம், அதுவும் நாலு பேருக்கு. அதில் இருக்கிற புரதம் 7 கிராம்தான். ஒரே ஒரு முட்டையில் இருக்கிற அளவு, மொத்த வீட்டுக்கும். தினமும் சாம்பார்னு அதை நீட்டி நீட்டி வச்சால் புளித்தண்ணியில் பருப்பு எங்கேன்னு தேடணும். அப்படி வைக்காதே. வாரத்தில் மூணு நாள் பருப்பு, ஆனால் கெட்டியாப் போடு. மத்த நாளுக்குக் கொள்ளு, தட்டப்பயறு, பச்சைப்பயறு, நிலக்கடலைன்னு மாத்து. சனிக்கிழமை சம்பளத்தில் இதில் ரெண்டு வகை கால் கிலோ கால் கிலோவா வாங்கினால் அந்த வாரம் தாண்டிடும்.

கொங்குக்காரங்ககிட்ட நாம கத்துக்க வேண்டிய சாப்பாடு ‘அரிசியும் பருப்பும்’. ஒரே குக்கர், ஒரே வேலை, பிள்ளைகளும் அடம் பிடிக்காமல் சாப்பிடும். அரிசி ஒன்றரை டம்ளர், துவரம் பருப்பு அரை டம்ளர், ரெண்டையும் சேர்த்துக் கழுவி அரை மணி நேரம் ஊறப்போடு. குக்கரில் எண்ணெய் ஊத்திக் கடுகு, சீரகம், ரெண்டு வரமிளகாய், கருவேப்பிலை. அப்புறம் ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி. மஞ்சள் தூளும் உப்பும் போட்டு, ஆறு டம்ளர் தண்ணி ஊத்திக் கொதி வந்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடு. நாலு விசில். ஆவி அடங்கித் திறக்கிறப்போ கொஞ்சம் குழைவா இருக்கணும். சாம்பார் தனி, பொரியல் தனின்னு நிக்க வேண்டாம். ஒரு கரண்டி மோரோ சுட்ட அப்பளமோ போதும். இந்த ஒரு வேளையில் ஒவ்வொரு தட்டுக்கும் பருப்பு நிஜமாவே போய்ச் சேருது. முருங்கைக்கீரையை உருவி மேலே போட்டு மூடினால் இன்னும் நல்லது.

கொள்ளை ராத்திரியே ஊறப்போட்டு வேகவை. வெந்த தண்ணியை வடிச்சு ரசம் வச்சுடு. வெந்த கொள்ளை, வரமிளகாய், சீரகம், மல்லி, பூண்டு, சின்ன வெங்காயம் வதக்கிச் சேர்த்துக் கொரகொரன்னு அரைச்சால் சோத்துக்குப் பிசைஞ்சுக்கலாம். ஒரே வேலையில் குழம்பும் ரசமும். தேங்காய் விலை ஏறிக் கிடக்கிறப்போ சட்னிக்கும் குருமாவுக்கும் வறுத்த நிலக்கடலையை அரைச்சு ஊத்து. கடலையில் கால் பங்கு புரதம் இருக்கு. தேங்காயில் அவ்வளவு கிடையாது.

தின்பண்டமும் முட்டையும்

பிள்ளை ஒண்ணுக்குத் தினம் பத்து ரூபாய் பாக்கெட்னு வச்சுக்கோ. ரெண்டு பேருக்கு மாசம் 600 ரூபாய். ஆறேழு ரூபாய் முட்டையில் அது ஏறக்குறைய 90 முட்டை. உப்பும் எண்ணெயும் மசாலாவும் போன இடத்தில் 90 முட்டை வந்திருக்கும். ஒரேயடியா நிறுத்தினால் பிள்ளைகள் அழும்தான். ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் ஒண்ணுன்னு பேசி வை. மத்த நாள் பொரியும் பொட்டுக்கடலையும், அவிச்ச கடலைக்காய், பச்சைப்பயறு சுண்டல், வெல்லம் போட்ட கேழ்வரகுப் புட்டு. ஹெல்த் டிரிங்க் டப்பாவுக்குக் கொடுக்கிற காசில் கேழ்வரகு, பொட்டுக்கடலை, நிலக்கடலை வாங்கி வறுத்து மில்லில் அரைச்சால் ரெண்டு மாசத்துக்குக் கஞ்சி மாவு இருக்கும். கேழ்வரகில் இருக்கிற அளவு சுண்ணாம்புச்சத்து மத்த தானியங்களில் கிடையாது.

நாமக்கல் நமக்குப் பக்கம். மொத்தக் கடையில் 30 முட்டை அட்டையா வாங்கினால் சில்லறையை விடக் குறையும். பக்கத்து வீட்டோட பாதி பாதியாப் பிரிச்சுக்கோ. புரட்டாசியில் விரதம் இருக்கிறவங்க அதிகம்கிறதால விலை வழக்கமா இறங்கும். நாலு முட்டையை உடைச்சு ஊத்திக் குழம்பு வச்சால் நாலு பேருக்கும் ஆளுக்கொண்ணு போகும். ரெண்டு முட்டையில் ஆம்லெட் போட்டு நாலாப் பிச்சுக் கொடுக்கிறதில் யாருக்கும் ஒண்ணும் சேராது.

பெரியவ அரசுப் பள்ளியில் மூணாவது படிக்கிறாளா? காலையில் பள்ளியிலேயே சாப்பிடச் சொல்லு. 2022 செப்டம்பரில் தொடங்கின காலை உணவுத் திட்டம் இப்போ ஒண்ணாவது முதல் அஞ்சாவது வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இருக்கு. உப்புமா, கிச்சடி, பொங்கல்னு நாளுக்கு ஒண்ணு, சூடா, சாம்பாரோட. மத்தியானம் சத்துணவில் முட்டை உண்டு. ‘நம்ம பிள்ளை போய்த் தட்டு ஏந்தறதா’ன்னு உன் வீட்டுக்காரர் நினைக்கலாம். 1982ல் சத்துணவு வந்ததில் இருந்து எத்தனையோ பேர் அதைச் சாப்பிட்டுப் படிச்சு வேலைக்குப் போயிட்டாங்க. அது பிள்ளைக்கு உரியது, வாங்கிச் சாப்பிடட்டும். சின்னவனை அங்கன்வாடியில் சேர். அங்கேயும் மத்தியானச் சோறும் முட்டையும் உண்டு. வயித்துப்பிள்ளைக்காரிகளுக்கும் பால் கொடுக்கிறவங்களுக்கும் சத்துமாவு கொடுப்பாங்க. லைனில் அப்படி யாராவது இருந்தால் பேர் கொடுத்திருக்காங்களான்னு கேளு.

காய், கீரை

தெருமுனைத் தள்ளுவண்டியில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கற காய் உழவர் சந்தையில் குறைஞ்ச காசுக்குக் கிடைக்கும். 1999 நவம்பர் 14ல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கினாங்க. விவசாயியே நேரா விக்கணும், இடைத்தரகர் கூடாது, சில்லறைக் கடையை விட விலை குறைவா இருக்கணும்கிறதுதான் அதோட ஏற்பாடு. அன்னன்னைக்கு விலை போர்டில் எழுதியிருக்கும். அதைப் படிச்சுட்டு உள்ளே போ. விடியக்காலையில் போனால் நல்ல காய், கடை கட்டற நேரத்தில் போனால் மலிவு. ஞாயித்துக்கிழமை லீவுதானே, கடைசி நேரத்துக்குப் போய் நாலு நாள் தாங்கற காயா எடு: பூசணி, சுரைக்காய், வாழைக்காய், முள்ளங்கி, கோஸ். வெண்டையும் அவரையும் ரெண்டு நாளுக்குள்ள சமைச்சுடணும்.

வாங்கினதை முழுசாத் தின்னணும். முள்ளங்கி இலையைப் பொடியா நறுக்கிப் பருப்போட பொரியல், பீர்க்கங்காய்த் தோலில் துவையல், வாழைக்காய்த் தோலில் பொரியல், பீட்ரூட் இலையில் கூட்டு, காலிஃபிளவர் தண்டைக் குழம்பில், தர்பூசணியோட வெள்ளைப் பாகத்தில் மோர்க்குழம்பு. மல்லித்தழைத் தண்டை ரசத்துக்குத் தட்டிப் போடு.

முருங்கைக்கீரைக்குக் காசு கொடுக்காதே. இந்த ஊரில் மரம் இல்லாத தெரு கிடையாது, கேட்டால் ஒரு கொப்பு ஒடிச்சுத் தருவாங்க. மழை பெய்ஞ்ச பிறகு காட்டுப்பக்கம் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை தானா முளைக்கும். தெரிஞ்ச பாட்டியோட போய்ப் பறி. தெரியாத கீரையில் கை வைக்காதே. நொய்யல் ஓரத்திலும் சாக்கடை வாய்க்கால் ஓரத்திலும் மட்டும் பறிக்கவே கூடாது. வருஷக்கணக்கா சாயத்தண்ணி ஓடின மண் அது. எவ்வளவு பசேல்னு இருந்தாலும் விட்டுட்டு வந்துடு.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டினது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி சமயத்தில் தக்காளியைத் தொடாதே. புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, கீரைக் கடைசல், வத்தக்குழம்புன்னு ஒரு மாசத்தை ஓட்டலாம். அதுக்குக் கையில் புளியும் வத்தலும் இருக்கணும். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். கொட்டையோட இருக்கிறது விலை குறைவு. மொத்தமா வாங்கி, கொட்டை எடுத்து, கல்லுப்பு தூவி வெயிலில் காயவச்சுப் பானையில் அடைச்சிடு. சித்திரை வெயிலில் கொத்தவரை வத்தல், சுண்டைக்காய் வத்தல், மோர்மிளகாய் போட்டு வை. மிளகாயும் மல்லியும் வாங்கிக் குழம்புத்தூளை மில்லில் அரைச்சுக்கோ. மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் உனக்கு வருதுன்னா இந்த மாதிரி மொத்தச் சாமானுக்கு அதை ஒதுக்கு. வாரச் சம்பளத்தில் இதெல்லாம் வாங்க முடியாது.

ஞாயித்துக்கிழமைக் கறி

நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆறு நாள் மெஷினில் உட்கார்ந்தவங்களுக்கு அந்த ஒரு நாள் வேணும். அரைக் கிலோ கோழி வாங்கற இடத்தில் கால் கிலோ கறியும் கால் கிலோ ஈரலும் வாங்கு. விலை குறையும், ஈரலில் இரும்புச்சத்தும் அதிகம். ஆட்டு ரத்தம் கிடைச்சால் வெங்காயம் நிறையப் போட்டுப் பொரியல் பண்ணு. மத்தி மீன் மலிவா வர்றப்போ வாங்கிடு. பெரிய மீனை விடச் சத்தில் ஒரு குறைவும் கிடையாது. வாரக் கடைசிக்கு 50 கிராம் நெத்திலிக் கருவாடு இருந்தால் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வச்சிடலாம். வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு எங்க வீட்டில் பெரும்பாலும் அதுதான்.

கேஸ் மிச்சமாக ரெண்டே வார்த்தை: எதையும் ஊறவச்சு வேகவை, சோறும் பருப்பும் ஒரே குக்கரில் அடுக்கி வை.

கடை, கடன்

அண்ணாச்சி கடையில் நோட்டுப் போட்டு வாங்கறதை முடிஞ்ச மட்டும் குறை. கடன் சொல்றப்போ விலையைக் கேட்கக் கூச்சமா இருக்கும், அவர் சொன்னதை எழுதிக்கிட்டு வந்துடுவோம். வாங்கித்தான் ஆகணும்னா நீயும் ஒரு நோட்டு வச்சு, பொருளும் விலையும் அங்கேயே நின்னு எழுது. பாக்கெட் வாங்கறப்போ மொத்த விலையை மட்டும் பார்க்காதே. ஒரு கிராம் என்ன விலைன்னு சின்ன எழுத்தில் அச்சடிச்சிருப்பாங்க. அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுக்கும் கால் கிலோ பாக்கெட்டுக்கும் அதில் எவ்வளவு வித்தியாசம்னு தெரியும். கம்பெனிக்கு டீயைப் பிளாஸ்கில் கொண்டு போ. சாப்பிட்ட கையோட டீ குடிக்காதே, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரம் கழிச்சுக் குடி.

இப்போ உன் தட்டுக்கு வர்றேன். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசு வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரெண்டு பேரில் ஒருத்திக்கு. அம்மாவும் அப்படித்தான் இருந்தாங்க. எல்லாருக்கும் போட்டுட்டு அடிச்சட்டியில் மிச்சம் இருந்ததை வழிச்சுச் சாப்பிடுவாங்க. படி ஏறினால் மூச்சு வாங்கும், கண் இருட்டும், வயசு ஆச்சுன்னு சொல்லிப்பாங்க. அப்போ அவங்களுக்கு வயசே ஆகலை. நீ பத்து மணி நேரம் நின்னு செக்கிங் பண்றவ. மயங்கி விழுந்து ஒரு வாரம் போகலைன்னா அந்த வாரச் சம்பளம் கிடையாது. முட்டையில் மிச்சம் பிடிச்சது அதில் போயிடும். அதனால பரிமாறறப்போ நாலு தட்டையும் ஒண்ணா வை. பருப்பு, முட்டை, கீரை மூணையும் நாலு தட்டிலும் சமமாப் போட்டுட்டு, அப்புறம் எல்லாரும் சேர்ந்து உட்காருங்க. பிள்ளைகள் பார்க்கட்டும், பெரியவளும் நாளைக்கு அப்படித்தான் சாப்பிடுவா.

இந்தச் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் அரை அட்டை முட்டையும், கால் கிலோ கொள்ளும், கால் கிலோ கடலையும் வாங்கிடு. தவணைக்காரர் வர்றதுக்கு முன்னாடியே வாங்கிடு கண்ணு.